காடு பிடித்த குடும்பக் காணியைப் பறவையும் விலங்கும் வாழத்தக்கதாக வைத்திருப்பது எப்படி?

திரியாய் வாசகி, 9 யூன் 2024

எங்கள் அம்மாவுக்குச் சீதனமாக வந்த ஏழு ஏக்கர் காணி திருகோணமலை மாவட்டத்துத் திரியாயிலிருந்து மேற்கே உள்ளே இருக்கிறது. இடம்பெயர்ந்த பின் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக யாரும் அதில் பயிர் செய்யவில்லை; இப்போது முழுக்கக் காடு. பின்புறம் அரச காட்டோடு தொட்டுக்கொண்டு கிடக்கிறது. அம்மா இறந்த பின் நானும் மூன்று சகோதரர்களும் உரித்தாளிகள். கனடாவில் இருக்கும் அண்ணன்மார் பெக்கோ (மண் வெட்டும் இயந்திரம்) பிடித்து எல்லாவற்றையும் வெட்டி வெளியாக்கச் சொல்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. அங்கே போனபோது மயிலும் காட்டுக்கோழியும் ஒரு சோடி இருவாச்சியும் கண்டோம். அவை தங்கி வாழும்படி இந்தக் காணியை இன்னும் நல்ல காடாக்க என்ன மரங்களை நடலாம்? நாற்று எங்கே வாங்கலாம்?

கும்புறுப்பிட்டி, 10 யூன் 2024

நாற்று வாங்குவதைக் குறைந்தது அடுத்த மாரி வரைக்கும் ஒத்திவையுங்கள், தங்கச்சி. முப்பது ஆண்டு சும்மா கிடந்து, பின்புறம் பெருங்காட்டைத் தொடும் காணியில் விதை போடும் வேலையை வௌவாலும் கொண்டைக்குருவியும் மரநாயும் ஏற்கெனவே செய்து முடித்திருக்கும். உங்கள் முதல் வேலை அங்கே என்ன நிற்கிறது என்று அறிவதுதான். காட்டு மரம் தெரிந்த வயதான ஒருவரை, தேன் எடுக்கப் போனவரோ பட்டி மாடு மேய்த்தவரோ, கூட்டிக்கொண்டு போங்கள். பாலை, வீரை, நாவல், விளா, பனிச்சை, இத்தி, ஆல் ஆகியவற்றில் எது எங்கே நிற்கிறது என்று ஒரு கொப்பியில் குறித்து, பெரிய மரங்களின் அடிமரத்தில் சுண்ணாம்பு அடையாளம் இடுங்கள்.

எங்கள் பக்கத்துக் காட்டில் பசி என்பது வெயில் மாதங்களின் பசி. மழையின் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் சனவரிக்கும் இடையில் கொட்டிவிடுகிறது. மே மாதம் மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்றுத் தொடங்கினால் செப்டம்பர் வரை புல் கருகி ஓடை வற்றிவிடும். பாலையும் வீரையும் பழுப்பது அந்த வெயிலில்தான். குரங்கு, மரநாய், வௌவால், இருவாச்சி, உட்காட்டில் கரடி என்று மேலே ஏறித் தின்பவை ஒரு பக்கமும், உதிர்ந்ததைப் பொறுக்கும் மான், பன்றி, முள்ளம்பன்றி ஆகியவை மறுபக்கமுமாக அந்த மரங்களை நம்பியே கோடையைக் கடக்கின்றன. பாலை மிக மெதுவாக வளரும் மரம். முதிர்ந்த பாலை ஒன்றை வெட்டிவிட்டு அதற்குப் பதிலாக நூறு நாற்று நட்டாலும் உங்கள் வாழ்நாளில் ஈடு வராது. என் தகப்பனார் காட்டை வெட்டிச் சேனைப் பயிர் செய்த காலத்திலும் எங்கள் காணியில் இரண்டு பாலையைத் தொடவில்லை. அவருக்கு அவை எல்லை மரங்கள். இன்றைக்குக் கச்சான் காலத்தில் எங்கள் காணிக்குள் எந்த நடமாட்டம் இருந்தாலும் அது அந்த மரங்களைச் சுற்றியே இருக்கிறது.

கும்புறுப்பிட்டி, 10 யூன் 2024, இரவு

மேலே எழுதியதற்கு முன்பே சொல்லியிருக்க வேண்டிய ஒன்று: போர் நடந்த நிலம் என்பதால், காணிக்குள் இறங்குவதற்கு முன் அந்தப் பகுதியில் கண்ணிவெடி அகற்றல் முடிந்ததா என்று கிராம அலுவலரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். துருப்பிடித்த இரும்பு எதைக் கண்டாலும் தொடாமல், இடத்தை அடையாளம் வைத்துவிட்டுப் பொலிசுக்கு அறிவியுங்கள். கிடங்கு வெட்டுவது, தீ மூட்டுவது எல்லாம் அதன் பிறகு.

கும்புறுப்பிட்டி, 15 யூன் 2024

உங்கள் அண்ணன்மாரைப் பற்றி இங்கே சிலர் கடுமையாக எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காடு மூடிய காணியைக் கண்டால் ஆளில்லாக் காணி என்று எண்ணி அயலவர் எல்லைக் கட்டையை நகர்த்துவதும், வரைபடத்தில் அது காடு என்று நிறம் தீட்டப்படுவதும் எங்கள் மாவட்டத்தில் பலருக்கு நேர்ந்திருக்கின்றன. வெட்டி வெளியாக்கினால்தான் காணி நம்முடையதாக நிற்கும் என்ற அச்சம் வெறும் பணத்தாசையால் வந்ததன்று. அந்த அச்சத்துக்கு விடை சொல்லாமல் இருவாச்சியைப் பற்றி மட்டும் பேசினால் அவர்கள் கேட்கப் போவதில்லை.

விடை இருக்கிறது. உறுதிப் பத்திரத்தோடு ஒரு நில அளவையாளரை அழைத்துப் புதிய வரைபடம் எடுங்கள். மூலைகளில் கல் நாட்டுங்கள். பிறகு நான்கு எல்லையையும் ஒட்டி உட்புறமாக உழவு இயந்திரம் ஒன்று போய்வரக்கூடிய அகலத்தில் ஒரு பாதையை மட்டும் வெட்டித் துப்புரவாக வைத்திருங்கள். ஏழு ஏக்கரையும் வெட்டுவதற்கு ஆகும் செலவில் சிறு பங்குதான் இதற்கு ஆகும். பார்ப்பவருக்கு உரித்தாளி இருக்கிறார் என்பது தெரியும், நடுவில் காடும் நிற்கும். இதே பாதை ஓகஸ்ட் மாதத்தில் தீயையும் மறிக்கும். எங்கள் குடும்பத்தில் இந்த ஏற்பாட்டுக்குப் பிறகுதான் வெட்டு, வெட்டு என்ற பேச்சு ஓய்ந்தது.

வேலிக்கு முட்கம்பியை நெருக்கமாக இழுக்காதீர்கள். கிளுவைக் கதியால் (துளிர்த்து உயிர்வேலியாகும் தடி) நட்டு, கம்பி கட்டத்தான் வேண்டுமென்றால் அடிக்கம்பியை நிலத்திலிருந்து முயலும் ஆமையும் காட்டுக்கோழிக் குஞ்சும் நுழையும் உயரத்துக்குத் தூக்கிக் கட்டுங்கள்.

கும்புறுப்பிட்டி, 29 யூன் 2024

பட்டுப்போன மரங்களையாவது விறகுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கொடுக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

மரங்கொத்தியும் குக்குறுவானும் உக்கிய மரத்தில் துளை குடைகின்றன. அவை விட்டுப்போன பொந்தில் கிளி, மைனா, ஆந்தை குடியேறுகின்றன. இருவாச்சியால் தானாகப் பொந்து குடைய முடியாது. பெரிய அடிமரத்தில் கிளை முறிந்து உக்கிய இடத்தைத் தேடிப் பெட்டை உள்ளே புகுந்து, வாசலை அடைத்து, அலகு நுழையும் பிளவை மட்டும் விட்டுவிட்டு முட்டையிடும். குஞ்சு வளரும் வரை வெளியிலிருந்து இரை கொண்டுவருவது ஆணின் பொறுப்பு. அவ்வளவு பெரிய பொந்துள்ள மரம் ஒரு காணியில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். உள்ளே வெறுமையான மரம் என்று அதை விற்றுவிட்டால் அந்தச் சோடி பிறகு பழம் தின்ன வந்து போகுமே தவிர உங்கள் காணியில் குஞ்சு பொரிக்காது.

2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரேவி சூறாவளி திருகோணமலைக்கு வடக்கே கரையேறியபோது எங்கள் பக்கத்தில் தலை முறிந்த மரங்கள் பல. அவற்றைச் சீர்படுத்தாமல் விட்ட இடங்களில் இன்று பொந்துகள் தெரிகின்றன. விழுந்து கிடக்கும் அடிமரத்தையும் அப்படியே விடுங்கள். அதன் கீழே ஈரம் தங்கும், கறையான் வரும், கறையானைத் தேடி அழுங்கு வரும். பாதையோரத்தில் ஆள்மேல் விழக்கூடியதாகச் சாய்ந்து நிற்கும் மரத்தை மட்டும் வெட்டிச் சாய்த்து உட்புறம் இழுத்துப் போடுங்கள். முதிரை, கருங்காலி போன்றவற்றை உறுதிக் காணியில் நின்றாலும் அனுமதிப்பத்திரம் இல்லாமல் வெட்டி ஏற்றுவது வழக்கில் கொண்டுபோய் விடும் என்பதையும் சகோதரர்களுக்குச் சொல்லி வையுங்கள்.

கும்புறுப்பிட்டி, 21 யூலை 2024

தண்ணீர் பற்றி. இப்போது கச்சான் உச்சத்தில் அடிக்கிறது; காணியின் குறை எது என்பதைப் பார்க்க இதைவிட நல்ல காலம் இல்லை. பழைய மோட்டை (சிறு நீர்க்குட்டை) ஏதாவது தூர்ந்து கிடக்கிறதா என்று தேடுங்கள். முன்னோர் மாட்டுக்காகத் தோண்டிய மோட்டை பெரும்பாலும் நீர் வடிந்து வரும் தாழ்விலேயே இருக்கும். புதிதாகக் கிடங்கு வெட்டுவதைவிட அதில் சேர்ந்த வண்டலை அள்ளுவது மேல். ஒரு கரையையாவது மெல்லச் சரியும்படி, ஆமையும் குஞ்சுப் பறவையும் இறங்கி ஏறும்படி அமையுங்கள். நான்கு பக்கமும் செங்குத்தாக வெட்டிய கிடங்கு உயிர் காப்பதற்குப் பதிலாக உயிர் குடிக்கும். சுற்றியுள்ள பற்றையை முழுவதும் வெட்டக் கூடாது. காட்டுக்கோழி மறைவில்லாத வெளியைக் கடந்து நீருக்கு வர விரும்பாது.

இடம்பெயர்ந்தோர் காணிகளில் பெரிய ஆபத்து, கட்டுச்சுவர் இடிந்து பற்றைக்குள் மறைந்து கிடக்கும் பழைய கிணறு. யானைக் குட்டியிலிருந்து முயல் வரை அதில் விழுகின்றன, மனிதரும் விழுவர். உங்கள் காணியில் கிணறு இருந்ததா என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். இருந்தால் முதலில் கட்டுச்சுவரை எழுப்புங்கள். அதற்குப் பணம் சேரும் வரை, உள்ளே விழுந்தது ஏறிவருவதற்கு முரட்டுப் பட்டையுள்ள நீண்ட மரம் ஒன்றைச் சாய்வாக இறக்கி வையுங்கள்.

கும்புறுப்பிட்டி, 3 ஓகஸ்ட் 2024

எல்லைப் பாதை பற்றி யூனில் எழுதியதில் ஒரு திருத்தம். நான்கு பக்கமும் ஒரே அகலம் என்பது போதாது. கச்சான் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் அடிப்பதால் தீயும் அந்தப் பக்கத்திலிருந்துதான் ஓடி வரும். உங்கள் மேற்கு எல்லையில் பாதை ஏனைய பக்கங்களைப்போல் இரு மடங்காவது அகலமாக இருக்கட்டும். புதுப்புல் முளைக்கட்டும் என்று மேய்ப்பவர்கள் வைக்கும் தீயும், விலங்கை வெருட்டி வெளியே எடுக்க வேட்டைக்காரர் வைக்கும் தீயும் இந்த மாதத்தில்தான் அதிகம்.

தீயைத் தாங்குவதும் தாங்காததும் பெரும்பாலும் புல்லைப் பொறுத்தது. நிழல் மூடிய காட்டில் சருகு மெதுவாகப் புகைந்து போகும். வெயில் விழும் இடத்தில் ஆளுயரத்துக்கு வளரும் கினிப்புல் காய்ந்துவிட்டால் தீ மரத்தலை வரை எழும். ஆகவே பாதையை அகலமாக வெட்டிவிட்டு அந்த ஆண்டே கைவிடுவது வெட்டாமல் விடுவதைவிடக் கேடு, ஏனென்றால் வெயில் விழும் அந்த வெளியில் முதலில் வந்து நிற்பது கினிப்புல்தான். ஒவ்வோர் ஆண்டும் சித்திரைக்குப் பின் பாதையில் புல்லைச் செருக்கி எடுக்க ஆளும் பணமும் ஒதுக்குங்கள். உரித்தாளிகள் நால்வரிடமும் ஆண்டுக்கு ஒரு தொகை கேட்பதென்றால் அது இதற்காகவே இருக்கட்டும்.

கும்புறுப்பிட்டி, 12 ஓகஸ்ட் 2024

கம்பிச் சுருக்கு. எல்லைப் பாதையில் நடக்கும்போது இரு பக்கமும் விலங்குத் தடத்தைப் பார்த்துக்கொண்டு போங்கள். பன்றிக்கு என்று வைக்கப்படும் சுருக்கில் மானும் நரியும் சிறுத்தையும் மாட்டிச் சாகின்றன. கண்டதை அவிழ்த்துச் சுருட்டி எடுத்து வாருங்கள். காணி தனியாருடையது என்றாலும் 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்குப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் அங்கேயும் செல்லும். மற்ற எல்லா வேலையையும் செய்துவிட்டுச் சுருக்கைக் கவனிக்காமல் விட்டால், நல்ல இரையும் நீரும் காட்டி விலங்கைக் கூப்பிட்டுக் கொல்லக் கொடுத்ததாகும்.

கும்புறுப்பிட்டி, 1 செப்டம்பர் 2024

மோட்டையைத் தூர்வாரினால் யானை வராதா என்று பன்குளத்திலிருந்து ஓர் ஐயா கேட்டிருக்கிறார். வரும். யூலைக் குறிப்பில் நான் இதைத் தொடாமல் விட்டேன். அதனால் இப்போது விரிவாக எழுதுகிறேன்.

திருகோணமலை மாவட்டத்தில் காடு என்று பேசினால் யானையை விட்டுவிட்டுப் பேச முடியாது. இந்த நாட்டில் யானை நடமாடும் நிலத்தின் பெரும்பகுதியில் மக்களும் குடியிருக்கிறார்கள். உங்கள் காணி அரச காட்டைத் தொடுவதால் யானை ஏற்கெனவே அதன் வழியாகப் போய்வரக்கூடும். பழைய சாணமும் உரசிய மரமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். யானை விதைகளைத் தூரக் கொண்டுபோய்ச் சாணத்தோடு போடுவது காட்டுக்கு நன்மையே. ஆனால் அந்த நன்மைக்கான விலையை அயலில் நெல்லும் நிலக்கடலையும் போட்ட ஏழை விவசாயி கொடுக்கக் கூடாது. இது எனக்கு இந்த விடயத்தில் மிக முக்கியமான இடம். மனிதரின் உயிர் போகும் இடம்.

ஆகவே மோட்டை அரச காட்டுப் பக்கமாக, ஊரிலிருந்து ஆகத் தூரமான மூலையில் இருந்தால் மட்டும் தூர்வாருங்கள். வயல் எல்லையை ஒட்டியோ, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வழியை ஒட்டியோ இருந்தால் அதைத் தொடாதீர்கள். அங்கே பறவைக்கும் ஆமைக்கும் போதுமான அளவில் ஆழமற்ற சீமெந்துத் தொட்டி ஒன்று போதும். வாழை, கரும்பு, தென்னங்கன்று ஆகியவற்றைக் காட்டோரத்தில் நடக் கூடாது. காவல் குடில் போட்டால் அதில் நெல்லும் அரிசியும் உப்பும் வைக்கக் கூடாது. அந்த வாசனைக்கு யானை சுவரை இடிக்கும். கடைசியாக, இதையெல்லாம் தொடங்குவதற்கு முன் அயல் காணிக்காரர்களோடு இருந்து பேசுங்கள்.

கும்புறுப்பிட்டி, 8 செப்டம்பர் 2024

மானுக்குத் தவிடும் பழமும் வைக்கலாமா என்று இன்னொருவர் கேட்கிறார். வேண்டாம். திருகோணமலை பிரெட்ரிக் கோட்டைக்குள்ளும் நகரத்துத் தெருக்களிலும் புள்ளிமான்கள் மனிதர் கையில் உள்ளதையும் குப்பையில் உள்ள பிளாஸ்டிக் பையையும் தின்று திரிவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். காட்டு மான் மனிதனைக் கண்டால் ஓடவேண்டும்; அதுதான் அதற்குக் காப்பு. இலையும் புல்லும் பழமும் வளர இடம் விடுங்கள், தட்டில் வைத்து நீட்டாதீர்கள்.

கும்புறுப்பிட்டி, 20 ஒக்டோபர் 2024

மழை தொடங்குகிறது. இனி நடுவதைப் பற்றிப் பேசலாம், அதுவும் அளவோடு.

வாசகி அனுப்பிய விபரத்தின்படி காணியின் நடுவில் பழைய வீட்டு வளவு இருந்த இடம் மட்டும் நாயுண்ணிப் பற்றையாகவும் இப்பில் இப்பில் (சூபாபுல்) மரக் கூட்டமாகவும் இருக்கிறது. அந்த இடம்தான் நடுவதற்குரியது. ஆனால் நாயுண்ணி முழுவதையும் ஒரே மூச்சில் பிடுங்கி எறிய வேண்டாம். அதன் பழத்தைக் குருவிகள் தின்கின்றன, முயலும் காட்டுக்கோழியும் அதற்குள் ஒளிகின்றன. வெறுமையாக்கிய மண்ணில் மறுபடி முளைப்பதும் நாயுண்ணியே. பற்றைக்குள் தலை நீட்டும் நாட்டு மரக்கன்றைத் தேடி, அதைச் சுற்றி ஒரு ஆள் கை எட்டும் தூரத்துக்கு மட்டும் வெட்டி வெளிச்சம் கொடுங்கள், கன்றின்மேல் படர்ந்த கொடியை அறுத்துவிடுங்கள். கன்று உயர்ந்து நிழல் விழுந்தால் நாயுண்ணி தானே மெலியும். இப்பில் இப்பில் வேறு வகை. அதைக் காய் முற்றுவதற்கு முன் வெட்ட வேண்டும், வெட்டிய அடியில் துளிர்ப்பதை மீண்டும் மீண்டும் ஒடிக்க வேண்டும்.

வெறுமையாக உள்ள இடத்தில் நடுவதென்றால் முதலில் அத்தி, இத்தி, ஆல் இனங்கள். ஏனைய மரங்கள் பழுக்காத மாதத்திலும் இந்த இனத்தில் ஏதாவது ஒரு மரம் பழுத்து நிற்கும் என்பதால் இருவாச்சியும் பச்சைப்புறாவும் குக்குறுவானும் ஆண்டு முழுவதும் இவற்றைத் தேடி வரும். பெரிய போத்தை வெட்டி ஒக்டோபர் மழையில் ஆழ நட்டால் பிடிக்கிறது. மாடு எட்டாத உயரத்தில் துளிர் வருவது இன்னொரு நன்மை. அடுத்ததாக நாவல், விளா, நறுவிலி. ஓரங்களில் காரை, சூரை, கிளா போன்ற முட்பற்றைகள். காட்டின் ஓரம் சுவர்போல் நேராக நிற்காமல் புல், பற்றை, சிறுமரம், பெருமரம் என்று படியாக உயர்ந்தால் கூடு கட்டும் சிறு பறவைகளுக்கு அதுவே வீடு. சகோதரர்களுக்குத் தடி மரமும் வேண்டுமென்றால் தேக்கும் மலைவேம்பும் வேண்டாம். திருகோணமலைத் துறைமுகத்தின் பெயரைத் தாங்கியே உலகச் சந்தைக்குப் போன சமண்டலை எங்கள் மண்ணுக்குரியது, அதை நடுங்கள்.

இளங்கன்றுக்கு முதல் எதிரி பட்டி மாடு. வயல் விதைப்புக் காலத்தில் மாடுகளைக் காட்டுக்குள் சாய்ப்பது ஊர் வழக்கம். அதே மாதங்களில்தான் கன்றுகளும் முளைக்கின்றன. பட்டிக்காரரைப் பகைக்காமல், நட்ட இடத்தை மட்டும் சூரை முள்ளால் அடையுங்கள்.

கும்புறுப்பிட்டி, 2 டிசம்பர் 2024

நவம்பர் கடைசி வாரத்து மழைவெள்ளத்தில் எங்கள் பக்கத்துப் பாதைகள் அறுந்தன. ஆனால் சருகு மூடிய காட்டுத் தரையில் மண் அரிக்கவில்லை. செருக்கி எடுத்த வளவுகளில் மேல்மண் ஓடையில் போயிற்று. சருகைக் கூட்டிக் கொளுத்தும் பழக்கத்தைக் காணிக்குள் அனுமதிக்காதீர்கள் என்று முன்பு எழுத மறந்தேன். இந்தியாவிலிருந்து குளிர்காலத்துக்கு வரும் ஆறுமணிக்குருவி சருகைக் கிளறித்தான் புழு பொறுக்குகிறது, காட்டுக்கோழியும் அப்படியே. நிழலும் சருகும் இருந்தால் ஆறுமணிக்குருவி ஒரு சிறு தோட்டத்திலும் மாரி முழுவதும் தங்கும்.

நாய் பற்றியும் சொல்ல வேண்டும். காவலுக்கு என்று நாய்களை அவிழ்த்துவிட்டால் முயல், உடும்பு, சருகுமான், காட்டுக்கோழிக் குஞ்சு ஒன்றும் மிஞ்சாது. காவலாளி வைத்தால் நாயைக் கட்டி வைக்கும்படி முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

கும்புறுப்பிட்டி, 16 பெப்ரவரி 2025

சகோதரர்கள் முழுக் காணியையும் வெட்டும் எண்ணத்தைக் கைவிட்டு, இரண்டு ஏக்கரில் மரமுந்திரிகை வைக்கவும் மீதியைக் காடாக விடவும் இணங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். இது நல்ல முடிவு. முழுவதையும் காடாக வைத்திருக்க வேண்டும் என்று இனி வாதாட வேண்டாம். வருமானம் தரும் இரண்டு ஏக்கர் இருந்தால்தான் பாதை செருக்குவதற்கும் வேலிக்கும் ஆண்டுதோறும் பணம் வரும்.

இனி எந்த இரண்டு ஏக்கர் என்பதே கேள்வி. வீதிப் பக்கமாகவும் பழைய வீட்டு வளவைச் சேர்த்தும் எடுத்தால் நாயுண்ணியும் இப்பில் இப்பிலும் நின்ற இடமே பெரும்பாலும் அதற்குள் போய்விடும், ஒக்டோபரில் நான் சொன்ன நடுகைக்கும் அவ்வளவு தேவை இராது. பின்புற ஐந்து ஏக்கர் அரச காட்டோடு இடைவெளி இல்லாமல் ஒன்றாக நிற்கும். நடுவில் வெட்டினால் காடு இரண்டு துண்டாகும், ஓரம் கூடும், கினிப்புல் இரு பக்கமும் நுழையும். பெக்கோ வரும் முன் சுண்ணாம்பு அடையாளமிட்ட மரங்களுக்குச் சிவப்புத் துணியும் கட்டுங்கள், இரண்டு ஏக்கருக்குள் பாலையோ பொந்து மரமோ நின்றால் அதைச் சுற்றி மரமுந்திரிகையை வையுங்கள், வேலை நடக்கும் நாள் முழுவதும் உங்களில் ஒருவர் இயந்திரத்தின் அருகில் நில்லுங்கள். சாரதிக்கு ஏக்கர்க் கணக்கில் கூலி பேசாமல் மணிக் கணக்கில் பேசினால் அவர் அவசரப்படமாட்டார்.

வீதிப் பக்கம் தாழ்வா, பின்பக்கம் தாழ்வா என்பதை இன்னும் நீங்கள் எழுதவில்லை. அதை அறிந்தால் மோட்டைக்கான இடத்தைச் சொல்கிறேன்.